வட சுமத்ரா எண்ணெய்: அரசாங்கம் கொடுத்த கை, மண்ணுக்குக் கிடைத்த பங்கு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வழிபாட்டுத் தலங்கள்தான். ஒரு முனையில் ஆங்கிலிக்கன் தேவாலயம். சற்றுத் தள்ளி சீனர்களின் குவான் யின் கோயில். அடுத்த தெருவில் மகா மாரியம்மன் கோயில். நடுநாயகமாக, காதர் மைதீன் தலைமையில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1801ஆம் ஆண்டு எழுப்பிய பள்ளிவாசல். பிட் ஸ்ட்ரீட் என்பது இந்தச் சாலையின் பழைய பெயர். சுற்றுலாப் பயணிகள் இதை நல்லிணக்கச் சாலை என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இந்தச் சாலைக்கு இன்னொரு முகமும் உண்டு. அது வணிக முகம். நாகூர், பரங்கிப்பேட்டை பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த சூலியா வணிகர்கள் பினாங்கு என்ற ஊர் உருவாவதற்கு முன்பே சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சேயோடு வியாபாரம் செய்தவர்கள். அந்தத் தொடர்பின் சாட்சியாகத்தான் பள்ளிவாசலுக்கு அருகிலேயே ஆச்சே தெரு இருக்கிறது. ஆச்சேயிலிருந்து வந்த செல்வந்தர் சையத் உசேன் 1808ஆம் ஆண்டு அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டினார். மிளகு அங்கிருந்து வரும், துணி இங்கிருந்து போகும்.

அதே கடல்வழியில் பின்னாளில் மண்ணெண்ணெயும் வந்தது. உலகின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்றான ஷெல்லின் ஒரு வேர் வட சுமத்ராவில் இருக்கிறது. அந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றியதில் பினாங்குக்கும் பங்கு உண்டு. எண்ணெய் கண்டவர்களின் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் நின்ற அரசாங்கங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அரசாங்கம் கைகொடுத்து எடுத்த எண்ணெயில் அந்த மண்ணுக்குக் கிடைத்த பங்கு என்ன என்ற கேள்வியையும் யாரும் அதிகம் கேட்பதில்லை. நூற்று நாற்பது ஆண்டுகளாக வட சுமத்ரா கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

புகையிலைக்காரர் கண்ட தீப்பந்தம்

ஜார்ஜ் டவுனிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கோலாலம்பூரை விட லங்காட் பக்கம். தூரம் சுமார் 270 கிலோமீட்டர். இன்றைய மேடான் நகருக்கு வடமேற்கே உள்ள அந்தப் பகுதி அன்று ஒரு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அவருக்கு மேலே டச்சுக் காலனி அரசாங்கம்.

1863ஆம் ஆண்டு நியன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் அருகில் உள்ள டெலியில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். அது பெரும் தோட்டத் தொழிலாக வளர்ந்தது. ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? முதலில் பினாங்கிலிருந்துதான். சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் போனார்கள். தமிழர்களும் போனார்கள். டச்சுக் கிழக்கிந்தியாவுக்குக் கூலியாட்களை அனுப்ப இந்தியாவின் பிரிட்டிஷ் அரசாங்கம் அனுமதி தரவில்லை. ஆனாலும் பினாங்கில் இறங்கியவர்கள் மறுகரைக்குப் போவதை யாராலும் முழுமையாகத் தடுக்க முடியவில்லை. சாலை போடவும் மாட்டு வண்டி ஓட்டவும் அவர்கள் தேவைப்பட்டார்கள். மேடானில் 1884ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், கம்போங் கெலிங் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட தமிழர் குடியிருப்பும் அவர்கள் விட்டுச் சென்ற அடையாளங்கள்.

அந்தப் புகையிலைத் தொழிலில் இருந்தவர்தான் ஏல்கோ சைல்கர். 1880ஆம் ஆண்டு ஓர் இரவு, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் உள்ளூர்க் காவலாளி ஒருவர் ஏற்றிய தீப்பந்தம் வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசமாக எரிவதைக் கண்டார். விசாரித்தபோது, அருகில் உள்ள குட்டைகளில் மிதக்கும் எண்ணெயை அந்த ஊர் மக்கள் வழித்தெடுத்துப் பயன்படுத்துவது தெரிந்தது. படகின் இடுக்குகளை அடைக்கவும் அதுதான் உதவியது. லங்காட் மக்களுக்கு அது புதுமையே அல்ல. சைல்கருக்குத்தான் புதுமை. மாதிரியை எடுத்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பிச் சோதித்தார். ஏறத்தாழ அறுபது விழுக்காடு மண்ணெண்ணெய் கிடைக்கும் என்று முடிவு வந்தது.

1883ஆம் ஆண்டு லங்காட் சுல்தானிடம் தோண்டும் உரிமை வாங்கினார். உரிமை வாங்கிவிடலாம், காட்டுக்குள் கிணறு தோண்டுவது அவ்வளவு சுலபமா? காலனி அரசாங்கம் இங்கேதான் முதலில் கை கொடுத்தது. அரசின் சுரங்கத் துறைப் பொறியாளர் ரைன்டர் ஃபென்னமா அந்த இடத்தை ஆராய்ந்து உதவினார். முதல் முயற்சியில் கிடைத்தது சொற்பம். இடத்தை மாற்றித் தோண்டிய ‘தெலாகா துங்கல்’ கிணற்றில் 1885ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி, 121 மீட்டர் ஆழத்தில், விற்கும் அளவுக்கு எண்ணெய் வந்தது.

அரசர் தந்த பெயர்

எண்ணெய் வந்தும் பணம் வரவில்லை. குழாய் வேண்டும், சுத்திகரிப்பு ஆலை வேண்டும், டின் வேண்டும், கப்பல் வேண்டும். நெதர்லாந்தில் இருந்த முதலீட்டாளர்களுக்கோ லங்காட் என்ற பெயரே புதிது. முன்பின் தெரியாத காட்டில் யார் பணம் போடுவார்கள்?

அந்த நம்பிக்கையைக் கொடுத்தது அரசாங்கத்தின் பெயர்தான். கிழக்கிந்தியாவின் முன்னாள் தலைமை ஆளுநர் ஒருவரும், அங்கே மத்திய வங்கியின் தலைவராக இருந்தவரும் சைல்கரின் திட்டத்துக்கு ஆதரவாக நின்றார்கள். அவர்களுக்கும் மேலாக, நிறுவனம் தன் பெயரில் ‘ராயல்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள மன்னர் மூன்றாம் வில்லியம் அனுமதி தந்தார். பல ஆண்டுகள் நிலைத்து நின்று காட்டிய நிறுவனங்களுக்கே பொதுவாகக் கிடைக்கும் மரியாதை அது. இங்கே, ஒரு டின் எண்ணெய் விற்பதற்கு முன்பே கிடைத்தது. 1890ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராயல் டச் நிறுவனம் பிறந்தது. பங்குகள் விற்பனைக்கு வந்தபோது, இருந்ததைப் போல நான்கரை மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அந்த ராஜ பட்டம் 2022ஆம் ஆண்டு ஷெல் தன் பெயரைச் சுருக்கிக்கொள்ளும் வரை, 132 ஆண்டுகள் ஒட்டிக்கொண்டே இருந்தது.

அரசர் பணம் கொடுக்கவில்லை. பெயர் கொடுத்தார். அரசாங்க ஆதரவு என்றால் கஜானாவைத் திறப்பது மட்டுமே என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில வேளைகளில் ஒரு பெயர் கஜானாவை விடப் பெரியது.

சைல்கர் அந்தப் பலனை அனுபவிக்கவில்லை. நிறுவனம் தொடங்கிய அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் திடீரென்று இறந்துபோனார். அவருக்குப் பிறகு பொறுப்பேற்ற கெஸ்லர் 1891ஆம் ஆண்டு வந்து பார்த்தபோது வேலைத்தளம் அலங்கோலமாகக் கிடந்தது. ஓயாத மழை. வெள்ளக்காட்டில் மைல் கணக்காக நடந்து போய் அரிசி மூட்டை சுமந்து வந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். அவர்கள் உழைப்பில்தான் காட்டுக் கிணற்றிலிருந்து பங்காலான் பிராண்டான் வரை குழாய் போடப்பட்டது. 1892ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி எண்ணெய் அந்தக் குழாய் வழியாக ஆலைக்கு வந்து சேர்ந்தது. ‘கிரௌன் ஆயில்’ என்ற பெயரில் மண்ணெண்ணெய் சந்தைக்கு வந்தது.

பினாங்கில் கிடைத்த கடன்

உற்பத்தி தொடங்கியதும் அடுத்த தலைவலி. எண்ணெய் விற்றுப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். கூலியும் அரிசியும் காத்திருக்குமா? அன்றாடச் செலவுக்குப் பணமில்லாமல் தவித்த கெஸ்லர் உதவி கேட்டு வந்த இடம் பினாங்கு.

இங்கே டச்சு வணிகச் சங்கத்தின் கிளை ஒன்று இருந்தது. இந்தச் சங்கம் சாதாரண தனியார் வங்கி அல்ல. 1824ஆம் ஆண்டு மன்னர் முதலாம் வில்லியமின் முயற்சியால், கிழக்கிந்திய வணிகத்தைத் தூக்கி நிறுத்துவதற்காகவே உருவாக்கப்பட்டது. அதன் பினாங்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் ஹென்ரி டெட்டர்டிங் என்ற இளைஞர். கணக்கில் புலி. நிலமோ கட்டடமோ ஈடு கேட்காமல், கிட்டங்கியில் கிடக்கும் மண்ணெண்ணெய்ச் சரக்கையே ஈடாக வைத்துக் கடன் கொடுக்கலாம் என்று வழி சொன்னார்.

பினாங்கில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தாருக்கு ஈடும் கடனும் புதிதல்ல. ஆனால் கொளுத்தினால் சாம்பலாகும் சரக்கை நம்பி ஒரு புதிய தொழிலுக்குப் பணம் கொடுப்பது துணிச்சலான காரியம்தான். அந்தக் கடன் ராயல் டச் நிறுவனத்தை நெருக்கடியிலிருந்து காப்பாற்றியது. கெஸ்லர் அதை மறக்கவில்லை. 1896ஆம் ஆண்டு டெட்டர்டிங்கைத் தன் நிறுவனத்துக்கே அழைத்துக்கொண்டார். 1900ஆம் ஆண்டு கெஸ்லர் இறந்ததும் அந்தப் பினாங்கு வங்கிக்காரர், 34 வயதில், நிறுவனத்தின் தலைவரானார். 1907ஆம் ஆண்டு பிரிட்டனின் ஷெல் நிறுவனத்தோடு அறுபதுக்கு நாற்பது என்ற கணக்கில் ராயல் டச்சை இணைத்தவரும் அவரே.

போட்டிக்காரர்களைத் தடுப்பதிலும் அரசாங்கம் பின்வாங்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் சுமத்ராவுக்குள் நுழைய வழி தேடியது. சுமத்ராவின் தென்பகுதியில் இருந்த ஓர் எண்ணெய் நிறுவனத்தை 1898ஆம் ஆண்டு வாங்க முயன்றபோது, நெதர்லாந்தின் காலனி அமைச்சு அதற்கு இடம் தரவில்லை. பொறியாளர், பெயர், கடன், பூட்டிய கதவு என்று நான்கு விதத்தில் அரசு நின்றது. ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அது துப்பாக்கி.

தந்தை தொடுத்த போர், மகன் கண்ட எண்ணெய்

லங்காட்டுக்கு வடக்கே ஆச்சே சுல்தானகம். சுமத்ராவில் டச்சுக்காரர்கள் விரிவடைவதை எதிர்க்கமாட்டோம் என்று 1871ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டது. ஆச்சேயின் தலையெழுத்து அன்றே மாறியது. 1873ஆம் ஆண்டு மார்ச் மாதம் தலைமை ஆளுநர் ஜேம்ஸ் லௌடன் ஆச்சேமீது போர் தொடுத்தார். சில மாதங்களில் முடியும் என்று நினைத்த போர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

பினாங்கு அந்தப் போரை வேடிக்கை பார்க்கவில்லை. ஆச்சேக்கு ஆதரவான பிரமுகர்கள் எட்டுப் பேர் கொண்ட சபை ஒன்றை இங்கேயே அமைத்து, வெளிநாடுகளின் ஆதரவைத் திரட்ட முயன்றார்கள். டச்சுக் கப்பல்கள் ஆச்சே துறைமுகங்களை முற்றுகையிட்டதால் பினாங்கின் மிளகு வணிகம் அடிபட்டது. வணிகர்கள் மனுமேல் மனு கொடுத்தார்கள். ஆயுதங்கள் இங்கிருந்து இரவோடு இரவாகப் போகின்றன என்று டச்சுக்காரர்கள் குற்றம் சாட்டினார்கள்.

இந்த நிலையில், 1897ஆம் ஆண்டு இறுதியில் லங்காட் கிணறுகளில் எண்ணெய்க்குப் பதில் உப்புநீர் வரத் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட புதிய துளைகள் போட்டுப் பார்த்தும் பயனில்லை. நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. கடைசி நம்பிக்கையாக இருந்தது ஆச்சேயின் பெர்லாக். அங்கே எண்ணெய்க் கசிவு இருப்பது தெரியும். ஆனால் அது போர்க்களம்.

பெர்லாக் ராஜாவோடு பேச்சுவார்த்தை நடத்தி வழி உண்டாக்கிய குழுவின் தலைவர் ஹூகோ லௌடன். போரைத் தொடங்கிய அதே ஜேம்ஸ் லௌடனின் மகன். 1899ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி துளையிடத் தொடங்கினார்கள். ஆறே நாளில், 28ஆம் தேதி, எண்ணெய் பீறிட்டது. தந்தை அனுப்பிய இராணுவம் திறந்த நிலத்தில் மகன் எண்ணெய் எடுத்தார். ராயல் டச் பிழைத்தது. ஆச்சேயின் சுல்தான் 1903ஆம் ஆண்டு சரணடைந்தார்.

ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இந்தப் போரின் செலவு எங்கும் இல்லை. அந்தச் செலவை ஏற்றது அரசாங்கம். உயிரால் ஏற்றவர்கள் ஆச்சே மக்கள்.

சுல்தானுக்குக் கிடைத்தது

மண்ணுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. லங்காட் சுல்தானுக்கு உரிமத்தொகை வந்தது. புகையிலையும் எண்ணெயும் அந்த அரண்மனையைச் செல்வத்தில் மிதக்கவைத்தன. தஞ்சோங் புராவில் 1902ஆம் ஆண்டு கட்டி முடித்த அசிசி பள்ளிவாசல் அந்தச் செழிப்பின் சின்னம். கெடா, அலோர் ஸ்டாரில் 1912ஆம் ஆண்டு எழுந்த ஜாஹிர் பள்ளிவாசலுக்கு அதுவே முன்மாதிரி என்பார்கள்.

ஆனால் சுல்தானுக்குக் கிடைத்தது குடிமக்களுக்குக் கிடைத்ததாகுமா? 1946ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிழக்குச் சுமத்ராவில் வெடித்த கலவரம் அதற்குப் பதில் சொன்னது. அரண்மனைகள் சூறையாடப்பட்டன. அரச குடும்பத்தினர் கொல்லப்பட்டனர். லங்காட் அரச குடும்பத்தில் பிறந்து, இந்தோனேசிய மொழிக்கே பெருமை சேர்த்த கவிஞர் அமிர் ஹம்சாவும் அந்த வெறிக்குப் பலியானார். அரண்மனையோடு நின்றுவிட்ட செல்வம் அரண்மனைக்கே எமனானது.

இராணுவ அதிகாரியின் எண்ணெய் நிறுவனம்

ஜப்பானியப் படையெடுப்பு, அதன்பிறகு விடுதலைப் போர். இரண்டிலும் பங்காலான் பிராண்டான் ஆலை தப்பவில்லை. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், டச்சுக்காரர்கள் கையில் சிக்கக்கூடாது என்று குடியரசுப் போராளிகளே அந்த நகரைத் தீக்கிரையாக்கினார்கள்.

விடுதலைக்குப் பிறகு பல ஆண்டுகள் வட சுமத்ரா எண்ணெய் வயல்கள் சீரழிந்து கிடந்தன. 1957ஆம் ஆண்டு அரசாங்கம் அவற்றை இராணுவத்திடம் ஒப்படைத்தது. இப்னு சுதோவோ என்ற அதிகாரி தலைமையில் அந்த டிசம்பரில் பெர்மினா பிறந்தது. துருப்பிடித்த குழாய்களை ஒட்டவைத்து 1958ஆம் ஆண்டிலேயே முதல் கப்பல் எண்ணெயை ஜப்பானுக்கு அனுப்பினார்கள்.

1960ஆம் ஆண்டு ஜப்பானோடு ஓர் ஒப்பந்தம். ஜப்பானிய அரசாங்கத்தின் ஆதரவோடு அமைந்த நிறுவனம் இயந்திரங்களைக் கடனாகத் தரும். வட சுமத்ரா அதை எண்ணெயாகத் திருப்பித் தரும். மண்ணெண்ணெய்ச் சரக்கை ஈடு வைத்த பழைய பினாங்குக் கணக்கின் பெரிய வடிவம் இது. நிலத்தடி வளம் நாட்டின் சொத்து, வெளியார் குத்தகைக்காரர் மட்டுமே, கிடைப்பதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற ‘உற்பத்திப் பகிர்வு’ முறையை இந்தோனேசியாதான் 1960களில் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனமும் 1976ஆம் ஆண்டு அதே பாதையைப் பின்பற்றியது.

பெர்மினா 1968ஆம் ஆண்டு பெர்தாமினாவாக வளர்ந்தது. கேள்வி கேட்பாரில்லாத வளர்ச்சி. எண்ணெய் நிறுவனம் உருக்காலை, விமானம், ஓட்டல் என்று கைவைக்காத தொழில் இல்லை. 1975ஆம் ஆண்டு கடனைத் திருப்பித் தர முடியாமல் நின்றபோது, மொத்தச் சுமை சுமார் 1,000 கோடி அமெரிக்க டாலர் என்று தெரியவந்தது. மறு ஆண்டு இப்னு சுதோவோ பதவி இழந்தார். அரசாங்க ஆதரவுக்கு அரசாங்கக் கண்காணிப்பும் சேர்ந்து வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

அருன்: வேலிக்கு உள்ளேயும் வெளியேயும்

இதற்கிடையில் வடக்கில் இன்னொரு புதையல். 1971ஆம் ஆண்டு ஆச்சேயின் அருன் கிராமத்தில் மொபில் நிறுவனம் மாபெரும் எரிவாயு வயலைக் கண்டது. 1973ஆம் ஆண்டு ஜப்பானிய மின்சார, எரிவாயு நிறுவனங்கள் நீண்டகால ஒப்பந்தம் செய்தன. லொக்சேமாவே அருகே திரவ எரிவாயு ஆலை எழுந்தது. பெர்தாமினாவுக்கு 55 விழுக்காடு, மொபிலுக்கு 30, ஜப்பானியர்களுக்கு 15 என்று பங்கு பிரித்தார்கள். ஆச்சேக்கு என்று ஒரு பங்கு அந்தப் பட்டியலில் இல்லை. 1978ஆம் ஆண்டு அதிபர் சுகார்த்தோ ஆலையைத் திறந்துவைத்தார். பக்கத்திலேயே உர ஆலைகள் வந்தன. அவற்றில் ஒன்று ஆசியான் நாடுகளின் கூட்டு முயற்சி. மலேசியாவும் பங்குதாரர்.

வேலிக்கு உள்ளே நல்ல வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, இரவு முழுவதும் விளக்கு. வேலிக்கு வெளியே நிலத்தைக் கொடுத்துவிட்டு நின்ற விவசாயிகளும் மீனவர்களும். நல்ல வேலைகள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுக்கு. எரிவாயுப் பணம் ஜகார்த்தாவுக்கு. ஆச்சே மக்கள் கண்முன்னால் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது அந்த ஆலையின் சுவாலை மட்டுமல்ல.

1976ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி ஹசான் தி திரோ சுதந்திர ஆச்சே இயக்கத்தைத் தொடங்கினார். எரிவாயு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. மதம், வரலாறு, 1950களின் கிளர்ச்சி எல்லாம் சேர்ந்துதான். ஆனால் எங்கள் வாயு, அவர்கள் பணம் என்ற ஒரு வாதம் படிக்காதவருக்கும் புரிந்தது. அரசாங்கம் ஆலையைக் காக்க இராணுவத்தை அனுப்பியது. 2001ஆம் ஆண்டு சண்டை முற்றி, உற்பத்தியே சில மாதங்கள் நின்றது. ஆலையைக் காவல் காத்த வீரர்கள் தங்களைச் சித்திரவதை செய்தார்கள் என்று கிராமத்தினர் அதே ஆண்டு எக்சோன்மொபில் நிறுவனத்தின்மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் மறுத்தது. இருபத்திரண்டு ஆண்டு இழுபறிக்குப் பின், 2023ஆம் ஆண்டு விசாரணை தொடங்கும் தறுவாயில் சமரசமாக முடிந்தது.

எழுபது விழுக்காடு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி கடல் பொங்கியது. பினாங்கில் 52 பேரைப் பறித்த அந்தப் பேரலை ஆச்சேயில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. பிணங்களுக்கு நடுவே துப்பாக்கிக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி ஹெல்சிங்கியில் சமாதான உடன்பாடு கையெழுத்தானது. ஆச்சேயின் எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 விழுக்காடு ஆச்சேக்கே என்று அதில் எழுதினார்கள்.

எழுபது விழுக்காடு! கேட்கும்போது எவ்வளவு பெரிய வெற்றி. ஆனால் எதில் எழுபது? அருன் வயல் அதற்குள் வற்றத் தொடங்கியிருந்தது. 2014ஆம் ஆண்டு அக்டோபரில் கடைசித் திரவ எரிவாயுக் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு அதே இடம், இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியான பப்புவாவிலிருந்து வரும் எரிவாயுவை இறக்கும் நிலையமாக மாறியது. ஏற்றுமதி செய்த துறைமுகம் இறக்குமதித் துறைமுகமானது. பங்காலான் பிராண்டான் ஆலையையும் 2007ஆம் ஆண்டே மூடிவிட்டார்கள். பந்தி முடியும் நேரத்தில் இலை போட்ட கதைதான்.

அதற்கு ஈடாகத்தான் ஜகார்த்தா சிறப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தியது. தேசியப் பொது ஒதுக்கீட்டில் 2 விழுக்காட்டுக்கு நிகரான தொகை 2008ஆம் ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு, அதன்பின் 2027ஆம் ஆண்டு வரை 1 விழுக்காடு என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பள்ளிகளும் சாலைகளும் வந்தன. ஆனாலும் சுமத்ராவிலேயே வறுமை அதிகமுள்ள மாநிலம் என்ற பெயரை ஆச்சே பல ஆண்டுகள் சுமந்தது. மூன்று தலைமுறை கழித்து வரும் பணம், வந்த வேகத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது.

நீரிணையின் இந்தப் பக்கம்

இது அண்டை வீட்டுக் கதை என்று மலேசியர்கள் ஒதுங்கிவிட முடியாது. 1974ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நாட்டின் எண்ணெய் உரிமை முழுவதையும் பெட்ரோனாஸிடம் ஒப்படைத்தது. எண்ணெய் கிடைக்கும் மாநிலத்துக்கு 5 விழுக்காடு உரிமத்தொகை. ஆனால் 1999ஆம் ஆண்டுத் தேர்தலில் திரங்கானு எதிர்க்கட்சியின் கைக்குப் போனதும், மறு ஆண்டே அந்தத் தொகை மாநில அரசாங்கத்துக்குப் போவது நின்றது. ‘வாங் எஹ்சான்’, அதாவது நல்லெண்ணப் பணம் என்ற பெயரில் மத்திய அரசாங்கத்தின் வழியாகச் செலவிடப்பட்டது. உரிமை என்று வந்த பணம் தர்மம் என்று பெயர் மாறியது. கிளந்தான் தன் கரைக்கு அப்பால் உள்ள எரிவாயுவுக்குப் பங்கு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியது. சரவாக் 2017ஆம் ஆண்டு பெட்ரோஸ் என்ற சொந்த நிறுவனத்தையே தொடங்கிவிட்டது.

மலேசியாவில் இந்தச் சச்சரவு வழக்கு மன்றத்திலும் வாக்குப் பெட்டியிலும் நடந்தது. ஆச்சேயில் காட்டில் நடந்தது. இந்த வித்தியாசம் சிறியதல்ல. பங்கு எவ்வளவு என்பது சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால், குறைவு என்றாவது வாதாட ஓர் இடம் இருக்கும். எழுதப்படாவிட்டால் அந்த இடமும் இல்லை.

மறுபடியும் வடக்கு

கதை முடிந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில், அபுதாபியின் முபாதலா நிறுவனம் வட சுமத்ராவுக்கு அப்பால் ஆழ்கடலில், தெற்கு அந்தமான் பகுதியின் லயாரான் கிணற்றில், பெரிய எரிவாயு இருப்பைக் கண்டதாக அறிவித்தது. 6 லட்சம் கோடி கன அடிக்கும் மேல் இருக்கலாம் என்று கணக்கு. 2024ஆம் ஆண்டு மே மாதம் அருகிலேயே தங்குலோ என்ற இன்னொரு கிணறு. ஆச்சே மறுபடியும் வரைபடத்தில் வட்டமிடப்பட்டிருக்கிறது.

ஆழ்கடலில் துளையிட அரசாங்கத்தின் ஆதரவு இல்லாமல் முடியாது. வரிச்சலுகை, நீண்டகால ஒப்பந்தம், குழாய்ப்பாதை, கடற்படைப் பாதுகாப்பு எல்லாம் வேண்டும். அதில் தவறில்லை. 1885ஆம் ஆண்டு ஃபென்னமாவும், 1890ஆம் ஆண்டு மன்னரும், அதன்பின் பினாங்குக் கடனும் இல்லாமல் லங்காட் எண்ணெய் லங்காட்டின் குட்டைகளிலேயே மிதந்துகொண்டிருக்கும். அரசாங்கம் கைகொடுக்க வேண்டுமா என்பதல்ல கேள்வி. கைகொடுக்கும்போதே அந்த ஊர்க்காரன் கையிலும் ஏதாவது வைக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு முறையும் முதலீட்டாளரின் பங்கு துளையிடுவதற்கு முன்பே எழுதப்பட்டது. மண்ணின் பங்கு மட்டும் கிணறு வற்றிய பிறகே பேசப்பட்டது. லங்காட்டில் ஒரு கலவரத்துக்கும், ஆச்சேயில் முப்பது ஆண்டுச் சண்டைக்கும் அந்தத் தாமதம் எண்ணெய் வார்த்தது. ஆழ்கடல் எரிவாயு கரைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். இந்த முறை ஆச்சேயின் கணக்கை முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க அந்த அவகாசம் போதும்.